உப்பு மண்டி வீட்டில் தோல் படிப்பு

கடிதத்தை அங்காளம்மா இடுக்கியால் பிடித்துத்தான் எடுத்தாள்.

காலையில் தபால்காரர் நீட்டியபோது அதற்கு இருந்த மரியாதையே வேறு. சர்க்கார் முத்திரை குத்திய பழுப்பு உறை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துச் சூடமும் காட்டியிருந்தாள். வெயிலில் வந்த தபால்காரருக்கு ஒரு சொம்பு மோர் கிடைத்தது. பகல் சாப்பாட்டுக்கு வந்த பூவராகன், இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே மகளைக் கூப்பிட்டார்.

"பிரிச்சுப் படி கண்ணு. இன்னா படிப்பு குடுத்துகிறான்னு பாப்போம்."

ஜெயக்கொடி பிரித்தாள். ஒருமுறை படித்தாள். மறுபடி உறைக்குள் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள். முகத்தில் சிரிப்பு வந்துவிடக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"பி.டெக்., நைனா. லெதர் டெக்னாலஜி. வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும்."

"லெதர்னா?"

"தோலு. மாட்டுத்தோலு, ஆட்டுத்தோலு. அதைப் பதம் பண்றது, சாயம் ஏத்துறது. எல்லாம் கெமிஸ்ட்ரிதான்."

சாமி அலமாரியில் மாட்டுத்தோல்! ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அங்காளம்மா கரண்டியைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் ஓடினாள். பால் பாத்திரம் இறக்குகிற இடுக்கியோடு திரும்பினாள். உறையின் ஒரு மூலையைக் கவ்வி, செத்த எலியைத் தூக்கிப் போவது மாதிரி கையை எட்ட நீட்டிக்கொண்டு, பின்கட்டுத் துவைக்கிற கல்லில் கொண்டுபோய்ப் போட்டாள். அப்புறம் அலமாரிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். இடுக்கியைப் புளி போட்டுத் தேய்த்தாள். தபால்காரர் குடித்த மோரை மட்டும்தான் திரும்ப வாங்க முடியவில்லை.

பூவராகன் வியாபாரி. வியாபாரிக்குக் கோபம் வந்தால், கையிருப்பை ஒரே நாளில் காலி பண்ணுகிறவன் மாதிரி அதை உடனே செலவழித்துவிட மாட்டான். மோர்ச்சாதம்வரைக்கும் பேசாமல் சாப்பிட்டார். பிறகு கேட்டார்:

"பாரத்துல அஞ்சு படிப்பு எழுதினோமே. 'கேக்கறதுக்குக் காசா பணமா, எல்லாத்தையும் எழுது, எது விழுதோ அது லாபம்'னு நான்தான் சொன்னேன். ஒத்துக்கறேன். இது எத்தினியாவது?"

"மொதல்ல எழுதினேன், நைனா."

பூவராகன் இலையை மடித்தார்.

இங்கே அவருடைய வியாபாரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பல்லாவரம் சந்தை ரோட்டில் அவருக்கு உப்பு மண்டி. கேளம்பாக்கத்து உப்பளத்திலிருந்தும் மரக்காணத்திலிருந்தும் லாரியில் வருகிற கல்லுப்பு, மண்டியில் இறங்கி மூச்சுவிட்டுவிட்டு, அங்கிருந்து நேராகத் தோல் கம்பெனிகளுக்குப் போகும். உரித்த தோல் உப்பில்லாமல் ஒரு நாள் தாங்காது. அந்த உப்பில்தான் மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டை ஒட்டி இந்த மாடி வீடு எழுந்தது, ஸ்கூட்டர் வந்தது, ஜெயக்கொடியின் காதில் கல் வைத்த தோடு ஏறியது. ஆனால் பூவராகனைக் கேட்டால், "உப்பு மகாலட்சுமி. நம்ம கை லட்சுமி புழங்குற கை" என்பார். லட்சுமி மண்டியை விட்டுக் கிளம்பியதும் எந்தத் தெருவுக்குப் போகிறாள் என்று அவர் பின்னாலேயே போய்ப் பார்ப்பதில்லை.

ஆனால் பின்னாலேயே போய்ப் பார்த்தவள் ஜெயக்கொடி. பிளஸ் ஒன் லீவில் ஒருநாள் அப்பா பில் பணம் வாங்க உள்ளே போயிருந்தபோது, தோல் கம்பெனி ஆய்வுக்கூடத்து ஜன்னலோரம் ஒரு மணி நேரம் நின்றாள். விறைத்துச் சாம்பல் பூத்துக் கிடந்த தோல் ஒன்று, பீப்பாய் பீப்பாயாக மாறி மாறி உருண்டு, கடைசியில் பட்டுத்துணி மாதிரி மடிந்து வெளியே வந்தது. நாற்றமும் இருந்தது. அவள் கெமிஸ்ட்ரியில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று வாங்கியது அதற்கு அடுத்த வருஷம்.

அன்றைக்கே, திங்கட்கிழமை சாயங்காலம், அங்காளம்மாவின் தம்பி அரிகிருஷ்ணன் குரோம்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தார். அவருடைய மகன் லோகுவுக்கு ஜெயக்கொடி முறைப்பெண். அதனால் இந்த வீட்டில் எது கொதித்தாலும் உப்புப் பார்க்கிற உரிமை அவருக்கு உண்டு.

"இன்னா மாமா இது பேஜாரு? தலைமுறை தலைமுறையா யாரு பாத்த வேல அது? காலனி ஆளுங்க பாத்த வேல! நம்ம வூட்டுப் பொண்ணு போயி மாட்டுத்தோல அளந்துகினு நிக்குமா?"

"அளக்கறது இல்ல மாமா, அதுக்கு மெஷின் இருக்கு" என்றாள் ஜெயக்கொடி.

"நீ சும்மா இரு ஜெயா. நாளைக்கு எங்க வூட்ல சோறு வடிக்கப்போற கை அது. என் ஜனம் ஒருத்தன் கை நனைப்பானா? மாமா, இப்பவே சொல்லிட்டேன். தோலுன்னா சம்மந்தம் கட்."

குரோம்பேட்டையில் அரிகிருஷ்ணனுக்கு இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. அதை முழுசாக வாடகைக்கு எடுத்திருந்தது ஒரு ஷூ கம்பெனி. மாதாமாதம் வாடகைச் செக்கை வாங்கும்போது அவர் அதை முகர்ந்து பார்த்ததாகத் தகவல் இல்லை.

பூவராகன் மகளைப் படிக்க வைக்காத அப்பன் இல்லை. திரௌபதியம்மன் திருவிழாவில் மைக்கைப் பிடித்து, "பொம்பளைப் புள்ளைங்களைப் படிக்க வைங்கய்யா" என்று பேசியவர். ஆகவே நியாயமாக ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் கீது. ஒரே கடையில சரக்கு எடுக்கறவன் ஏமாளி. வா கண்ணு, நாலு கடை ஏறி இறங்கிப் பாப்போம். இதைவிட நல்ல படிப்பு கெடச்சா அதை எடுத்துப்போம். கெடைக்கலன்னா அப்பறம் பேசுவோம்."

அரிசி மூட்டையில் குத்தூசி விட்டுப் பார்ப்பது போல, செவ்வாய்க்கிழமை முழுக்க அவர் படிப்புகளைக் குத்திப் பார்த்தார். முதல் கடை தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் புதிதாக முளைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டர். கோயில் மாதிரி செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. டை கட்டிய பையன் ஒருவன் ஆறு மாத டிப்ளமோவில் ஆரம்பித்து அமெரிக்காவில் கொண்டுபோய் முடித்தான்.

"தம்பி, நீயும் இதைத்தான் படிச்சியா?" என்று பூவராகன் கேட்டார்.

"ஆமா சார். இங்கேயேதான், பஸ்ட் பேட்ச்."

"வேலை?"

"கிடைச்சிடுச்சு சார்."

"எங்க?"

பையன் டையைச் சரிசெய்துகொண்டான். "இங்கேயேதான் சார்."

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே பூவராகன் சொன்னார்: "அவன் கடை சரக்கை அவனே வாங்கிக்கினு கீறான். வேணாம் வா."

இரண்டாவது கடை, சேலையூர் கேம்ப் ரோட்டில் ஞானாம்பாள் டீச்சர் வீடு. ஆசிரியர் பயிற்சி முடித்தவர். பொம்பளைப் பிள்ளைக்கு டீச்சர் வேலையைப் போல உண்டா என்று அங்காளம்மாதான் அனுப்பினாள். ஞானாம்பாள் உள்ளே போய் ஒரு வேலைவாய்ப்பு அலுவலக அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். மடித்து மடித்து நாலு துண்டாகிப் பின்பக்கம் ஒட்டுப் போட்டிருந்தது.

"பதிஞ்சு பதினோரு வருஷம் ஆகுதுங்க. மூணு வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிச்சுடறேன். என் கல்யாணத்தன்னிக்குக்கூட மாலையோட போய்ப் புதுப்பிச்சேன்."

"இப்ப எப்பிடி?"

"பக்கத்துவீட்டுப் பசங்களுக்கு டியூஷன் எடுக்கறேன். அதுல ஒருத்தன் போன வருஷம் டீச்சர் டிரெயினிங் முடிச்சு எனக்குப் பின்னாடி பதிஞ்சிருக்கான்."

பூவராகன் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். நர்ஸ் படிப்பைக் குத்திப் பார்க்க அங்காளம்மாவே விடவில்லை. கண்டவனைத் தொட வேண்டியிருக்குமாம். அன்றைக்குச் சாயங்காலம் ஸ்கூட்டரில் திரும்பும்போது ஜெயக்கொடி பின்னாலிருந்து கேட்டாள்: "எல்லாக் கடையும் பாத்தாச்சா, நைனா?"

"பாத்துகினு கீறன்" என்றார். காற்று அப்போது தோல் கம்பெனிகள் இருக்கும் நாகல்கேணிப் பக்கமிருந்து அடித்தது. இரண்டு பேருமே மூக்கைப் பொத்தவில்லை. பல வருஷப் பழக்கம்.

புதன்கிழமை மண்டிக்கு லாசரஸ் வந்தார். ஒரு தோல் கம்பெனியில் சரக்கு வாங்குகிற பொறுப்பு அவருடையது. பன்னிரண்டு வருஷ வாடிக்கை. மண்டியில் வாடிக்கைக்காரருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. லாசரஸ் வரும் நேரத்தில் மட்டும் அந்த நாற்காலிக்கு ஏதாவது வேலை வந்துவிடும். ஒருநாள் பேரேடு உட்கார்ந்திருக்கும், ஒருநாள் தராசுத்தட்டு. லாசரஸ் எப்போதும் போலத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"இன்னாண்ணே, வெறும் உப்புதானா, இனிப்பு இல்லியா? நம்ம பாப்பா நம்ம லைனுக்கே வருதாமே!"

"எவன் சொன்னது?"

"காலேஜ்ல லிஸ்ட்டு ஒட்டிட்டான். எங்க கெமிஸ்ட்டு பாத்துட்டு வந்து சொன்னாரு. மொத்தத்துல பொண்ணுங்க ரெண்டே பேருண்ணே. அதுல ஒண்ணு நம்ம பாப்பா."

"மெதுவாப் பேசு லாசரஸு. மூட்டை தூக்கறவன் காதுல விழப்போவுது."

"விழுந்தா இன்னாண்ணே? அவன் தூக்கற உப்பு எங்க போவுதுன்னு அவனுக்குத் தெரியாதா?"

"நம்ம லைனு, நம்ம லைனுன்னு சொல்லாத. என் லைனு உப்பு."

லாசரஸ் தூணை விட்டு நிமிர்ந்தார். குரலில் மட்டும் மாற்றமில்லை.

"எங்க பெரியவன் ரெண்டு வருஷம் இந்த சீட்டுக்கு எழுதிப் பாத்தான். மார்க்கு பத்தல. இப்ப மறைமலை நகர்ல பார்ட்ஸ் கம்பெனிக்குப் போறான். எங்க வூடு எந்தத் தெருவுன்னு தெரிஞ்சதிலேர்ந்து, கேன்டீன்ல அவன் பக்கத்துல உக்கார்றவன் 'உம்மேல தோல் வாடை அடிக்குது'ன்றானாம். பொறந்ததிலேர்ந்து அவன் ஒரு தோல் ஷெட்டுக்குள்ள கால் வெச்சதில்லண்ணே. எங்களுக்குத் தொடாமலே ஒட்டிக்குது. நீங்க தொட்டுத் தொட்டுச் சம்பாரிச்சாலும் ஒட்ட மாட்டேங்குது." சிரித்தார். "நல்ல உப்புண்ணே, உன் உப்பு."

இதற்குப் பதில் சொல்ல ஒரு மனிதனுக்குப் பல வழிகள் உண்டு. பூவராகன், "போன லோடு பில்லு எப்பப் பாஸ் ஆவும்?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அரிகிருஷ்ணன் மறுபடி வந்தார். இந்தத் தடவை கையில் ஆப்பிளும், அக்காவுக்கு மூன்று முழம் மல்லியும், தோளில் சலவை மடிப்புக் கலையாத துண்டும் இருந்தன. கூடத்தில் பூவராகனுக்கு நெருக்கமாக உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாமா, அந்த சீட்டு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டியா?"

"இல்ல. நாளைக்குத்தான் கடைசி நாளு."

அரிகிருஷ்ணன் முகத்தில் ஒரு நிம்மதி ஓடி மறைந்தது. வேறு யாராக இருந்தாலும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். பூவராகன் இருபத்திரண்டு வருஷமாக வாங்க வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தே சாப்பிடுகிறவர்.

"அப்ப சரி. ஜெயா வேணாம்னு ஒரு லெட்டர் குடுத்தா, எடம் ஒண்ணு காலியாவும். எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் கீறான். அந்த எடத்துல நம்ம லோகுவச் சொருவிடலாம்னு சொல்றான்."

"லோகுவுக்கா? தோலாச்சே மச்சான்."

"தோலுதான். ஆனா டாலர் தோலு மாமா! நம்ம கட்டடத்து ஷூ கம்பெனிக்காரன் நேத்து சொல்றான், ரூவா மதிப்பு எறங்கிட்ச்சு, இனிமே வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பறவன்தான் ராஜான்றான். வூட்ல இந்தப் படிப்புப் படிச்சவன் ஒருத்தன் இருந்தா பார்ட்னராவே சேத்துக்கறானாம்."

"திங்கக்கிழம தலைமுறை, ஜனம், கை நனைக்கறதுன்னியே?"

"அது பொண்ணுக்குச் சொன்னது. ஆம்பள படிச்சா அது பிசினஸு. கோட்டு போட்டுகினு ஜெர்மனி போவான், எவன் கேப்பான்? பொம்பள படிச்சாத்தான் மாமா அது தோலு."

சொல்லிக்கொண்டே துண்டை எடுத்து இருவர் மடிக்கும் நடுவில் விரித்தார். அரிகிருஷ்ணனின் அப்பா மாட்டுத் தரகர். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து, விரலை அழுத்திச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு மட்டுமல்ல, மாட்டுக்கும் தெரியாது.

பூவராகனின் கை துண்டுக்கு அடியில் போனது. போகக் கூடாது என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் துண்டு விரித்தால் கை தானாகப் போகிற வர்க்கம் அவர். அரிகிருஷ்ணன் இரண்டு விரலை அழுத்தினார். பூவராகன் அசையவில்லை. மூன்று. அசையவில்லை. நாலு. கல்யாணப் பேச்சில் கால் பவுனுக்குக்கூட எழுந்து போகிற மச்சான், இன்றைக்கு நிறுத்துகிற வழியாக இல்லை. அஞ்சு விரலையும் சேர்த்து முழுக் கையையும் பிடித்தார்.

வியாபாரத்தில் ஒரு பாலபாடம் உண்டு. சும்மா பார்க்க வந்தவன் சரக்கைப் புகழ்ந்துவிட்டுப் போவான். நொட்டை சொல்கிறவன்தான் வாங்க வந்தவன். மூன்று நாள் முன்னால் இதே கூடத்தில் இந்தப் படிப்பைக் காறித் துப்பியவன் யார் என்று பூவராகன் யோசித்தார். யோசிக்க யோசிக்க, துவைக்கிற கல்லில் கிடந்து, மகள் எடுத்துத் துடைத்து எங்கோ பத்திரப்படுத்தியிருக்கிற அந்தப் பழுப்பு உறையின் மதிப்பு அவர் கண்ணில் ஏறிக்கொண்டே போனது.

"எவ்ளோக்கு முடிஞ்சுது, நைனா?"

நிமிர்ந்தார். அடுக்களை நிலையில் ஜெயக்கொடி நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் நீர் இல்லை. துண்டு எழும்பி எழும்பி அடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பூவைக் கையில் பிடித்தபடியே அங்காளம்மா வந்தாள்.

"எதுடி முடிஞ்சுது?"

"என் சீட்டும்மா. மாமா லோகுவுக்குக் கேக்கறாரு."

அங்காளம்மாவுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் பூவைக் கீழே வைத்தாள்.

"தோலுன்னுதானே தம்பி நான் அத்த இடுக்கியால எடுத்தேன்? உம் புள்ளைக்குன்னா வெறுங்கையால எடுத்துக்குவியா?"

"அக்கா, உனக்கு இதெல்லாம் புரியாது..."

"நல்லாப் புரியுது."

பூவராகன் கையை உருவிக்கொண்டார்.

"சரக்கு விக்கிறதில்ல, மச்சான்."

"ஏன் மாமா? பத்தலன்னா சொல்லு!"

"நீ ஏத்திகினே போறியே, அதான் ஏன். உனக்கே இவ்ளோ பெறும்னா எனக்கு எவ்ளோ பெறும்?"

பூவராகன் மனம் திருந்திவிட்டார் என்று யாரும் கைதட்ட வேண்டாம். லாசரஸ் நின்றுகொண்டு சொன்னபோது ஏறாத ஞானம், மச்சான் விலை ஏற்றியபோது ஏறியது. அவ்வளவுதான். நம் ஊரில் பல நல்ல காரியங்கள் இப்படித் துண்டுக்கு அடியிலேதான் பிறக்கின்றன.

"அப்ப சம்மந்தம்?" என்றார் அரிகிருஷ்ணன் கடைசி ஆயுதமாக.

"அதை லோகுவையே வெச்சிக்கச் சொல்லுங்க மாமா" என்றாள் ஜெயக்கொடி. "எனக்கு சீட்டு போதும்."

உள்ளே போய், அந்த உறையோடு வந்த சேர்க்கைப் படிவத்தையும் பேனாவையும் எடுத்து வந்து அப்பா முன்னால் உட்கார்ந்தாள். பூவராகன் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு கண்ணு. யாராச்சும் கேட்டா கெமிக்கல்னு சொல்லிடு. பொய்யும் இல்ல பாரு, நீதான் எல்லாம் கெமிஸ்ட்ரின்னியே."

ஜெயக்கொடி படிவத்தில் ஒரு இடத்தைக் காட்டினாள். "உங்க கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வரி பாக்கி இருக்கு. தகப்பனார் தொழில்" என்றாள்.

"வியாபாரம்னு போடு."

"என்ன வியாபாரம்னு கேக்குது."

"உப்பு."

அவள் குனிந்து இங்கிலீஷில் எழுதினாள். எழுதிக்கொண்டே இருந்தாள். பூவராகனுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அளவு தெரியும்.

"உப்புக்கு இவ்ளோ எழுத்தா? படி பாப்போம்."

ஜெயக்கொடி விரலை வைத்துக் காட்டித் தமிழில் படித்தாள்: "தோல் தொழில். பதனிடும் கம்பெனிகளுக்கு உப்பு சப்ளை."

அரிகிருஷ்ணன் துண்டை உதறுவதை நிறுத்தினார்.

"அந்த மொத ரெண்டு வார்த்தை வேணாமே. உப்புன்னா போதாதா?" என்றார் பூவராகன்.

"நைனா, நம்ம மண்டியிலேர்ந்து ஒரே ஒரு மூட்டை, எந்த வீட்டுக் குழம்புக்காவது போயிருந்தா சொல்லுங்க. அடிச்சுட்டு உப்புன்னே எழுதிடறேன்."

வியாபாரி எதை மறந்தாலும் வாடிக்கைக்காரனை மறக்க மாட்டான். பூவராகன் கண்ணை மூடிக்கொண்டு இருபத்திரண்டு வருஷத்து ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தார். நாகல்கேணி, பம்மல், குரோம்பேட்டை என்று வரிசை நீண்டது. ஒரு மளிகைக்கடைக்காரனாவது, ஒரு ஓட்டல்காரனாவது, ஊறுகாய் போடுகிற ஒரு கிழவியாவது அதில் நிற்பாள் என்று தேடினார். யாரும் நிற்கவில்லை.

"மாமா, அப்பிடியே போட்டுடாத" என்றார் அரிகிருஷ்ணன். "நாளைக்கு ஜனம் பாத்தா நீ இன்னா சொல்லுவ?"

பூவராகன் பேனாவை வாங்கினார். மகள் விரல் வைத்த இடத்துக்கு நேர் கீழே, செக்கில் போடுவது போலவே, ஒரு எழுத்தும் குறையாமல் பெயரை எழுதினார். தம் தொழில் இன்னதென்று சொன்ன ஒரு தாளில் அவர் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.